பின்னால் கட்டிய கைகள்

இல்லை. போகிறேன் என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள். படத்துக்குப் பூ வைக்கும்போது கேட்டார்கள். காபி தம்ளரை நீட்டியவரும் கேட்டார். "எப்பம்மா கிளம்பறே? மலாவிக்கு டிக்கெட் போட்டாச்சா?" எல்லோருக்கும் சேர்த்து இங்கிருந்தே பதில் சொல்லிவிடலாம் என்று வேகமாக ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் உறைக்கிறது. முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அறக்கட்டளைத் தலைவர் ஐயா ஜெகதீஸ்வரன் அவர்களே! மறைந்த பேராசிரியர் வேதா அம்மையாரின் தம்பி திரு. முரளி அவர்களே! முரளியின் மகள் ஹர்ஷிதா! சனத்நகர் பட்டறைகளிலிருந்து வேலை உடுப்போடு நேராக வந்திருக்கும் தோழர்களே! செகந்திராபாத்தின் தமிழ்ப் பெரியவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் தாரிணி. மலாவி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதா அம்மையாரோடு பணியாற்றியவள். அவருக்கு இயந்திரப் பட்டறை. எனக்கு மின்னணுப் பட்டறை. நடுவில் ஒரு தகரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். பின்னாலேயே, வேண்டாம் என்பதை நம் ஊர்ப் பேச்சில் சொல்லும் அவர் குரல். "அரே, நக்கோ! இங்க குடு!"

இப்போது தார்நாகாவில் என் அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் சுவரைப் பார்க்கிறேன். எதுவும் விழவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு வந்தார். சைனிக்புரியில் தம்பி வீட்டில், காலையில், மாரடைப்பு. விமான நிலையத்தில் பெட்டியில் கட்டிய சீட்டைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. வந்ததும் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கழற்றினாராம். முரளி சொன்னார். குழாய் இப்போது ஒழுகுவதில்லை.

வேதா அம்மையார் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த அரங்கில் யாராவது இருக்கிறீர்களா? கை தூக்குங்கள் பார்ப்போம்!

ஒருவரும் இல்லை.

பொங்கல் விழாவில் பரிமாறுகிறவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியது யார்? சனத்நகரில் பயிற்சிக்கு வந்த பையன்கள் கடைசல் எந்திரத்தில் கை வைப்பதற்குள் தோளால் இடித்துத் தள்ளியது யார்? சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லோரிடமிருந்தும் அவர் எதையாவது பிடுங்கியிருக்கிறார் என்று தெரிகிறது. ஐயா ஜெகதீஸ்வரன் சொல்வார். கோயம்புத்தூரிலிருந்து வந்து அவர் தொடங்கிய பட்டறையில்தான் வேதா அம்மையார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார். "அந்த அம்மணி இருந்த வரைக்கும் என் பட்டறையில ஒருத்தனும் தொழில் கத்துக்கலைங்க. ஆனா ஒரு வேலையும் நிக்கலைங்க." இதைப் பாராட்டாகவே சொல்வார். நானும் நெடுநாள் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹர்ஷிதா, உன் சைக்கிளுக்குக் காற்றடித்த கதையைச் சொல்லலாமா? தலையாட்டுகிறாள். சொல்கிறேன். போன விடுமுறையில் இவள் பம்பை மிதித்துக்கொண்டிருந்தாள். அத்தை வந்தார். பம்பின் மேல் கை வைத்தார். இவளுக்குத் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். "நேனே சேஸ்தா, அத்தா!" நானே செய்கிறேன் என்று கத்தினாள். அத்தை என்ன செய்தார் தெரியுமா? கையை எடுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். காற்று ஏறும்வரை அப்படியே நின்றார்.

முரளி அதிர்ந்துபோய் எனக்கு போன் செய்தார். "தாரிணி, அக்காவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

அந்தக் கைகள் எப்படிப் பின்னால் போயின? அதைத்தான் இன்று சொல்ல வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பேனர் தொங்குகிறது. உங்கள் எல்லோருக்கும் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை, ஆனால் உறுத்துகிறது. "பேராசிரியர் வேதா நினைவுத் திறன் பயிற்சி மையம், மலாவி. பொறுப்பாளர்: செல்வி தாரிணி." அது நியாயமான பேனர்தானா என்று நீங்கள் தீர்மானிக்கவாவது இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் குழு ஒன்று இருக்கிறது. மாணவர்கள் நடத்துவது. இந்தச் சொல்லை மெதுவாகக் கேளுங்கள். பட்டறைக்கு வெளியே ஒரு மாமரம். அதன் அடியில் கூடுவார்கள். எந்தக் கிராமத்துக்குப் போவது, அங்கே யார் எதைக் கற்க விரும்புகிறார்கள், அடிபம்பு பழுதா, தையலா, போன் ரிப்பேரா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். சனிக்கிழமை சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். ஆசிரியர்கள் கூப்பிட்டால் போகலாம். கேட்டால் பேசலாம். வாக்கு கிடையாது.

வேதா அம்மையாரைக் கூப்பிட்டார்கள். போனார். அவ்வளவுதான், மாமரத்தடி முழுக்க அவர் குரல்! முதல் வருடம் பம்புகள் ஒவ்வொன்றாகச் சரியாயின. என்ன வேகம்! தண்ணீர் கொட்டுகிற புகைப்படங்கள் இங்கே வந்தன. இதே மேடையில் மாலை போட்டோம். கை தட்டினோம்.

அந்தப் புகைப்படங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது?

பிறகு அவருக்கு மலேரியா வந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அந்த நாட்களில் ஒரு கிராமத்துப் பம்பு நின்றுவிட்டது. பெண்கள் நடந்தே வந்து மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே இருந்தேன். அங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட அமாயி என்பார்கள்.

"பம்பு நின்னுபோச்சு அமாயி. எப்போ எழுந்திருப்பீங்க?"

"வகுப்பு எடுத்தோமே! உங்களுக்குத் திறக்கத் தெரியாதா?" படுத்தபடியே கத்தினார்.

முன்னால் நின்ற பெண்ணின் பெயர் எஸ்னாத். கேலி செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தை அவ்வளவு அமைதியாக வைத்துக்கொண்டு சொன்னாள். "தெரியுமே. நீங்க திறப்பீங்கன்னு தெரியும்."

அவர்கள் ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சல் விட்டதும் வேதா அம்மையார் முதல் வேலையாக மாமரத்தடிக்குப் போனார். ஸ்பேனரோடு. இப்போதே கிளம்பலாம் என்றார். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. சிகோண்டி என்று ஒரு பெண், அப்போது இரண்டாம் ஆண்டு, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நாம் போன ஊர்களில் நாம் இல்லாமல் பம்பைத் திறக்கக்கூடியவர்கள் யார் யார்?"

எல்லோரும் யோசித்தார்கள். மரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. அதை எடுக்கவும் யாரும் போகவில்லை.

அன்றைக்குத்தான் அந்த விதி வந்தது. கற்றுக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் கைகளைப் பின்னால் கட்ட வேண்டும். அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி இருக்கிறதே, சிட்டென்ஜே, அதால். வாய் மட்டும் பேசலாம். கருவி கற்றுக்கொள்கிறவர் கையில். வாக்கெடுத்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. வேதா அம்மையார்தான் முதலில் சிரித்தார். நல்ல யோசனை என்றார்.

"யாருக்கு முதல்ல?" என்று அவரே கேட்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"கைக்கு?" என்றார். கோபமோ பயமோ வந்தால் அவர் வாயில் செகந்திராபாத் வந்துவிடும். ஏன், எதற்கு என்கிற அந்தச் சொல்லை மாணவர்கள் அதற்குள் நன்றாகவே பழகியிருந்தார்கள். சிகோண்டி துணியை நீட்டினாள். நீலத் துணி. அதில் மஞ்சள் கோழிகள்.

அந்தச் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். எஸ்னாத்தின் ஊர். நின்றுபோன அதே பம்பு. வெயில். சுற்றிலும் காலி வாளிகள். நடுவில் நம் பேராசிரியர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு! திருடரைப் பிடித்து நிறுத்தியது போல! பிள்ளைகள் அவரைச் சுற்றி வந்து முடிச்சைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எஸ்னாத் பம்பின் மூடியைத் திறக்கப் போனாள். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வேதா அம்மையாரின் தோள் துடித்தது. எனக்குத் தெரிந்தது. "இந்தப் பக்கம்... இல்ல, அந்தப் பக்கம்... அரே, இங்க குடு!"

பின்னாலிருந்து மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "நக்கோ, அமாயி!"

மலாவியில், ஒரு அடிபம்படியில், நம் ஊர் நக்கோ!

நட்டு சேற்றில் விழுந்தது. தேடினார்கள். குழாய்க்குள் இறங்கியிருக்கும் நீளக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே இழுக்க வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். எஸ்னாத் ஒரு நொடி கையை மாற்றினாள். கம்பி நழுவியது. குழாய்க்குள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே. பிறகு, தூரத்தில், தண்ணீர்.

வேதா அம்மையார் "அய்யோ" என்று அலறினார். துணியைப் பிய்த்துக்கொண்டு வர முயன்றார். அது வரவில்லை. சிகோண்டி நன்றாகக் கட்டியிருந்தாள். அவருடைய முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை வர்ணிக்க மாட்டேன். நான் திரும்பிக்கொண்டேன்.

நம் ஊரில் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி வைத்திருப்போம். அதுபோல ஒரு கொக்கி அவர்கள் கருவிப் பையில் உண்டு. எஸ்னாத் அதைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மாட்டவில்லை. இறக்கினாள். மாட்டவில்லை. அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் நின்ற பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், சலித்துப்போய், எஸ்னாத்தைக் கிண்டல் செய்து. அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பதிலுக்குப் பாடினாள். வேதா அம்மையார் கத்துவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "இடதுபக்கம் சாய்ச்சுப் பாரு. கயிறு கனமாச்சுன்னா உன் கைக்கே தெரியும். என் கைக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்." மாணவன் ஒருவன் அதை அவர்கள் மொழியில் சொன்னான்.

"கனமாயிடுச்சு," என்றாள் எஸ்னாத்.

மாலையில் தண்ணீர் வந்தது. அங்கே நன்றி சொல்வதென்றால் உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டுவார்கள். எல்லோரும் தட்டினார்கள். வேதா அம்மையாரால் தட்ட முடியவில்லை. அவர் காலால் தரையைத் தட்டினார். செம்மண் புழுதி முழங்கால்வரை ஏறியது.

அவர் இறந்த செய்தியை நான்தான் போன் செய்து சொன்னேன். மாமரத்தடியில் கூடி அழுதார்கள், அவர்கள் முறைப்படி பாடினார்கள். சனிக்கிழமை வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஐயா ஜெகதீஸ்வரன் இதைக் கேட்டு மனம் வருந்தினார். "ஒரு வாரங்கூட நிறுத்தலைங்களே அம்மணி!" என்றார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது. அன்று பக்கத்து ஊரில் பாடம் நடத்தியது எஸ்னாத். தன் இடுப்புத் துணியை அவிழ்த்து, கைகளைக் கட்டச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று சிகோண்டியிடம் பேசினேன். இங்கே ஒரு மையம் திட்டமிட்டு, என்னைப் பொறுப்பாளராக அனுப்ப நினைப்பதைச் சொன்னேன்.

"பொறுப்பாளர் இருக்கிறாரே, தாரிணி. தேர்ந்தெடுத்துவிட்டோமே."

"யார்?"

"இந்த வருடம் நான்தான்."

"நான் வருவதில் உங்களுக்கு விருப்பம் இல்லையா?"

"வாங்களேன். வகுப்பெடுக்க. கூப்பிடும்போது."

"எப்போது கூப்பிடுவீர்கள்?"

"தெரியாது. மாமரத்தடியில் கேட்க வேண்டும்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "அமாயியின் பெட்டியில் அந்தக் கோழித் துணி இருக்கிறதா பாருங்கள். அது குழுவுடையது. திருப்பி அனுப்பிவிடுங்கள்."

முரளி நேற்று பெட்டியைத் திறந்தார். இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தார். விடுமுறைக்கு எதற்காக அதை எடுத்து வந்தார்? யாருடைய கைகளைக் கட்ட? எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. ஐயா, உங்களுக்கும் இருக்கும்.

அப்புறம் பேசலாம் என்று சைகை காட்டுகிறீர்கள். ஐயா, நீங்கள் கோபிக்கக் கூடாது. இன்று காலை உங்களிடம் சிகோண்டியைப் பற்றிச் சொன்னேன். "சின்னப் பசங்க அம்மணி அவங்க. பொறுப்பா ஒருத்தரு வேண்டாமுங்களா? நாம இல்லாம எப்படி நடக்குமுங்க?" என்று கேட்டீர்கள். அன்பினால் கேட்டீர்கள். வேதா அம்மையார் ஸ்பேனரைப் பிடுங்கியதும் அன்பினால்தானே? உடைந்த பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது, அதனால்தானே? அந்த அன்பில் ஒரு கிராமம் ஓடைத் தண்ணீரைக் குடித்தது.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். எனக்கு அந்தப் பதவி வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்து வந்ததிலிருந்து ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கைகளுக்கு விசைப்பலகையைத் தவிர வேலை இல்லை. இன்று உள்ளே நுழைந்து பேனரில் என் பெயரைப் பார்த்ததும் நின்று இன்னொரு முறை படித்தேன். பூ வைப்பதற்காக வரிசையில் நிற்கும்போதே, அவருடைய படத்துக்கு முன்னாலேயே, மனதுக்குள் பட்டறையை மாற்றி அடுக்கினேன். மேசை இங்கே. தகரச் சுவரை எடுத்துவிடலாம். மாமரத்தடியில் ஒரு பலகை போடலாம். அழகாக இருந்தது. எவ்வளவு நேரம் கழித்துத்தான் கவனித்தேன்! நான் அடுக்கிய அந்தப் பட்டறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அதனால் இங்கேயே, உங்கள் முன்னால், பதில். நான் போகப் போவதில்லை. பொறுப்பாளராகப் போகப் போவதில்லை. கூப்பிட்டால் வகுப்பெடுக்கப் போவேன். கூப்பிடாவிட்டால் தார்நாகாவில் இருப்பேன். இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. வலிக்கட்டும்.

உமேஷ், நீதானே பேனரைக் கட்டினாய்? கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறாயா? ஐயாவைப் பார்க்காதே. வா. ... ஐயா, நீங்கள் எழ வேண்டாம். உமேஷ் அவிழ்ப்பான். முடிச்சு இறுகித்தான் போயிருக்கிறது, தெரிகிறது, அவனே அவிழ்க்கட்டும். ஐயா... ஐயா, கை பின்னால்!

நன்றி. சிரித்துவிட்டீர்கள். இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. எடுப்போம், தோழர்களே! அவர்கள் கேட்கிற கருவியை அனுப்புவோம். கேட்காததை அனுப்ப நம் கை துறுதுறுக்கும். துறுதுறுக்கட்டும்! சனத்நகரில் நாளை பயிற்சிக்கு வருகிற பையன் எந்திரத்தில் தவறு செய்வான். செய்யட்டும்! பக்கத்தில் நில்லுங்கள். வாயால் சொல்லுங்கள். வேதா அம்மையாரின் பெயரை எந்தக் கட்டடத்திலும் எழுத வேண்டாம். எழுதச் சொல்லி மாமரத்தடியில் வாக்கெடுத்தால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். மஞ்சள் கோழிகள் போட்ட அந்த நீலத் துணியை முரளி நாளை அனுப்பிவைக்கிறார்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வந்த அந்த மாலையில் வேதா அம்மையார் என்ன சொன்னார் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. சிகோண்டி வந்து முடிச்சை அவிழ்த்தாள். மணிக்கட்டுகளில் துணியின் வரி பதிந்திருந்தது. அவற்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். எஸ்னாத் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அடுத்தது என் வகுப்பு, போன் ரிப்பேர். நான் அதற்குள் சால்டரிங் கருவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தேன்.

அவர் துணியை உதறினார். என் பின்னால் வந்து நின்று, கருவியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் கைகளைக் கட்டினார்.